சிப்பிகளை அடைத்த சுவர்

1

இங்கிலாந்தில் எனக்கு ஒரே ஒரு ஊரைத்தான் தெரியும். அங்கே போனதில்லை. போகும் உத்தேசமும் இல்லை. நாற்பது ஐம்பது வீடுகள், ஒரு தேவாலயம், பேருந்து நின்றுபோன பிறகும் இடிக்காமல் வைத்திருக்கும் ஒரு நிழற்குடை, ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கல்குவாரி. கடை கிடையாது. ஒரு மதுக்கடை இருந்தது, அதையும் மூடிவிட்டார்கள். இதை அவர்கள் 'பேரிஷ்' என்கிறார்கள். ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட நிலம் என்று தொடங்கியது, இப்போது நம் கிராம ஊராட்சி மாதிரி ஒரு மன்றமும் வைத்திருக்கிறது. மன்றக் கூட்டத்தில் பேசியதை மாதாமாதம் இணையத்தில் போடுகிறார்கள். மாதாமாதம் நான் படிக்கிறேன்.

ஷார்ஜாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊரில் யார் வீட்டு வேலிச்செடி சாலையில் நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த வளைவில் குழி விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும்.

பழைய பத்திரிகை நண்பர் ஒருவர், வளைகுடா வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்றார். "ஒட்டகம், பேரீச்சை, மணல் புயல், அப்படி" என்றார். ஒட்டகத்தை நான் கடைசியாகப் பார்த்தது பால் பாக்கெட்டின் மேல். ஆகவே எனக்குத் தெரிந்த ஊரைப் பற்றி எழுதுகிறேன்.

2

திருச்சியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாவட்டச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. ஊராட்சியில் குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பொதுமக்கள் அவதி. இப்போது துபாயில் கட்டடங்களுக்குக் கல் பதிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. சிமெண்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. விலைப்புள்ளிக்கு முன்னுரை, வேலை முடிந்தால் அறிக்கை, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வழவழப்பான புத்தகத்தில் கல்லின் பெருமை, இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. பொதுமக்கள் அவதி என்ற சொற்றொடருக்கு இங்கே தேவை வருவதில்லை.

போன ஆண்டு எங்களுக்கு ஒரு மாளிகை வேலை கிடைத்தது. அதன் உரிமையாளரான அரபியைத் தொழிலாளிகள் 'அர்பாப்' என்பார்கள். முதலாளி என்று பொருள். அவர் குடும்பத்தோடு இங்கிலாந்து போனபோது ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் வெளிச்சுவரைப் பார்த்து மயங்கிவிட்டார். தேன் நிறக் கல், அதில் அங்கங்கே சிப்பிகள். கல்லுக்குள் புதைந்து, பாதி வெளியே தெரியும் நிஜச் சிப்பிகள். அதே கல் வேண்டும் என்றார். அப்படித்தான் அந்தப் பேரிஷ் என் மேசைக்கு வந்தது.

கல்லின் பெருமையை எழுத வேண்டுமே என்று தேடிப் படித்தேன். ஊரின் மேற்பாதி சுண்ணாம்புக்கல், கீழ்ப்பாதி களிமண். மழைநீர் கல்லுக்குள் இறங்கிக்கொண்டே போகும். களிமண் வந்ததும் வழியில்லாமல் பக்கவாட்டில் ஊற்றாக வெளியே வரும். அந்த ஊற்றுகளின் வரிசையில்தான் வீடுகள் எல்லாம் இருக்கின்றன. மேலே இருந்தால் தண்ணீர் இல்லை, கீழே இருந்தால் சேறு. நடுவில் ஒரு கோடு, அதில் ஓர் ஊர். சாதி, மதம், பட்டா எதுவும் இல்லாமல் ஓர் ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு இவ்வளவு நேர்மையான விளக்கத்தை நான் படித்ததில்லை.

கல் வந்து இறங்கியபோது அதன் காகிதங்களைப் பார்த்தேன். பிறப்பிடச் சான்றிதழில் எந்த நாடு, எந்த மாவட்டம், எந்தப் பேரிஷ், குவாரியில் எத்தனையாவது அடுக்கு என்பதுவரை இருந்தது. ஒவ்வொரு கல்லின் பக்கவாட்டிலும் ஓர் அம்புக்குறி. பூமிக்குள் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ சுவரிலும் அந்தப் பக்கம்தான் மேலே இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் செதில் செதிலாக உதிரும். துறைமுகத்தில் ஒரு கேள்வி கேட்காமல் விட்டார்கள். என் பட்டச் சான்றிதழ் சென்னை, டெல்லி, துபாய் என்று முத்திரை வாங்கிய கதையை இங்கே சொல்லப் போவதில்லை. என் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இன்றைக்கும் தவறாகத்தான் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கிறாள். அந்தக் கல்லில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஓஹ், ஊலைட்" என்றாள், ஃபோனிலிருந்து கண்ணை எடுத்து. "மீன் முட்டை மாதிரி குட்டிக் குட்டி பால்ஸ் இருக்கு பாருங்கப்பா. வார்ம் ஷாலோ ஸீல ஃபார்ம் ஆகும். எங்க டெக்ஸ்ட்ல இருக்கு."

"நம்ம காவிரில என்ன கல் இருக்கும்?"

"காவேரி இஸ் அ ரிவர்ப்பா" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு மறுபடி ஃபோனுக்குள் போனாள்.

3

செல்வராசு எங்கள் ஃபோர்மேன்களில் ஒருவர். அரியலூர் பக்கம் ஒரு கிராமம். ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவருக்குக் கீழே பத்துப் பேர், எல்லோரும் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஒரே அறையிலும் அடுத்த அறையிலும் இருப்பவர்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறி சைட்டுக்கு வருவார்கள். மாளிகையின் முன்பக்கச் சுவர் இவர்களுடையது. மற்ற மூன்று பக்கங்களும் வேறு இரண்டு குழுக்களுக்கு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே அதிகம் பதிக்கும் பளிங்கு வகைகள் ஓட்டையும் பொத்தலுமாகத்தான் வரும். பதித்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் வந்து ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அதை அடைத்துத் தேய்த்து, ஓட்டை இருந்ததே தெரியாமல் செய்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. செல்வராசு குழு இதில் பேர்போனது. ஸ்டிக்கர் ஒட்டவே இடம் வைக்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே அடைத்துவிடுவார்கள்.

முன்பக்கச் சுவர் முடிந்த அன்று செல்வராசு எனக்கு ஃபோன் செய்தார். "சார், சைட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க. ஃபோட்டோ எடுத்து உங்க புக்குல போடுங்க."

போனேன். தேன் நிறத்தில் சுவர் தகதகவென்று இருந்தது. ஏதோ குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று உடனே தெரியவில்லை.

"எப்பிடி சார்?"

"நல்லாருக்கு. சிப்பிங்க எங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிங்க பாக்கலாம்!"

கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றையும் விடவில்லை. அந்தக் கல்லையே அறுத்த தூளைச் சலித்து, வெள்ளை சிமெண்டில் கலந்து, நிறம் பிசகாமல் ஒவ்வொரு சிப்பியையும் பூசி மூடியிருந்தார்கள். சுவர் ஒரு தழும்பும் இல்லாத முகம் போல இருந்தது.

"எங்க ஊர்ல இதெல்லாம் நெறையப் பாத்திருக்கேன் சார்" என்றார் செல்வராசு. "நத்தைக்கல்லும்பாங்க. சின்னப் புள்ளைல பொறுக்கி வெளையாடுவோம். நத்தை இருக்குற கல்ல எவனும் வீட்டுக்கு வெக்க மாட்டான், சொத்தக் கல்லு. லாரி லாரியா சிமெண்டு ஃபேக்டரிக்குத்தான் போவும். இவங்க பாவம், அம்புட்டு தூரத்துலேருந்து சொத்தையா பாத்து அனுப்பியிருக்கான் வெள்ளக்காரன். பரவால்ல, நாம சரி பண்ணிட்டோம்."

ஆகவே, சிப்பிக் கல்லை அரைத்து சிமெண்டாக்கும் ஊரிலிருந்து வந்தவர், சிமெண்டால் சிப்பியை அடைத்துவிட்டார். அவருடைய தர்க்கத்தில் எனக்குத் தெரிந்து ஒரு ஓட்டையும் இல்லை.

4

அர்பாப் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து குடும்பத்தோடு வந்தார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்து பார்த்தார். பக்கவாட்டுச் சுவர்களுக்குப் போனார். அங்கே மற்ற குழுக்கள் இன்னும் அடைக்கத் தொடங்கவில்லை, அவர்கள் சோம்பேறிகள், சிப்பிகள் இருந்தன. திரும்பி முன்பக்கம் வந்தார். கோபப்படவில்லை. கையில் வைத்திருந்த ஃபோனில் தேவாலயத்துப் படத்தை எடுத்து எங்கள் மேனேஜரிடம் நீட்டி, "இவை எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

மேனேஜர் சமீர், ஜோர்டான்காரர். அலுவலகத்துக்குள் சத்தம் போடாதவர். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அறிக்கை எழுது. காரணம் என்ற இடத்தில் ஃபோர்மேனின் கவனக்குறைவு என்று போடு. பெயரும் போடு."

"சைட்டில் எல்லா ஓட்டையையும் அடைக்கச் சொன்னது நீங்கள்தான் என்கிறார்களே?"

"நான் எப்போதும் சொல்வது அது. இந்தக் கல்லுக்கா சொன்னேன்?"

நியாயமான பதில். அவர் எல்லா சைட்டிலும் நின்று, இந்தியும் அரபியுமாக, "கோயி ஹோல் மாஃபி, யல்லா" என்று கத்துவது உண்மை. ஒரு ஓட்டையும் கூடாது. இந்தக் கல்லுக்கு விதிவிலக்கு என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. புத்தகத்தில் சிப்பியின் பெருமையை ஒரு பக்கம் நான் எழுதியிருந்தேன். அதை அர்பாப் படித்தார், சமீர் படித்தார். சாரத்தில் நிற்பவர்களுக்கு அந்தப் புத்தகம் போவதில்லை.

பெயரைப் போட்டால் என்ன ஆகும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். செல்வராசுவின் விசா அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள். டிக்கெட் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்று மாலை அவர் கேம்ப்பிலிருந்து பேசினார்.

"சார், ஓட்டை இருந்தா அடைக்கிறதுதான சார் நம்ம வேலை?"

"ஆமா."

"அடைச்சதுக்கா அனுப்பறாங்க?"

அறிக்கை இன்னும் எழுதவில்லை என்றேன்.

"இந்த வயசுல ஊருக்குப் போனா, திரும்பப் புது விசா எந்தக் கம்பெனிக்காரன் சார் அடிப்பான்? புதுப்பிச்சா மேக்கொண்டு ரெண்டு வருசம். கேன்சல் அடிச்சா கலாஸ், அதோட முடிஞ்சிது." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல, "சரி வுடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

காரணம் என்ற இடத்தில், ஓட்டைகளை அடைக்கும்படி பொது உத்தரவு இருந்தது என்றும் எழுதினேன். சமீர் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் வாக்கியங்கள் அடிபடுவது புதிதல்ல. பத்திரிகையில் அடித்தவர்கள் குறைந்தபட்சம் இடம் போதவில்லை என்பார்கள்.

5

முன்பக்கச் சுவரைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பதிப்பது என்று முடிவாயிற்று. படங்களோடு குவாரிக்கு மின்னஞ்சல் போயிற்று. பதில் மறுநாளே வந்தது. ஒன்றையும் பெயர்க்க வேண்டாம், அந்த அடுக்கு குவாரியில் தீர்ந்துவிட்டது, அதே கல் இனி உலகத்தில் எங்கும் கிடையாது, நானே வருகிறேன். அனுப்பியவர் குவாரி உரிமையாளர் கீத்.

விமான நிலையத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அவருக்கு விசா தேவையில்லை. வந்து இறங்கினார், முத்திரை குத்தினார்கள், பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். நெட்டை மனிதர், முழங்கை நைந்த கோட்டு. அவரை எனக்கு ஏற்கெனவே தெரியும். பேரிஷ் மன்ற உறுப்பினர்களில் ஒருவர் அவர்.

"தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பெஞ்சு சரிசெய்தாகிவிட்டதா?" என்று கேட்டேன்.

பெட்டியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டார். "அது உங்களுக்கு எப்படி..."

"நீங்கள்தானே தீர்மானம் கொண்டுவந்தீர்கள்."

"எங்கள் ஊரிலேயே அதை யாரும் படிப்பதில்லை" என்றார், கொஞ்சம் பயத்தோடு.

சைட்டுக்குப் போனோம். செல்வராசுவும் ஆட்களும் சாரத்துக்குக் கீழே, தீர்ப்புக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். கீத் சுவரில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கி நின்றார். விரலால் தடவிக்கொண்டே ஒரு கோடிவரை போனார்.

"இதை யார் செய்தது?"

செல்வராசு ஒரு அடி முன்னால் வந்தார்.

"அற்புதமான வேலை" என்றார் கீத். "ஒரு சிப்பியைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாசமாக்கிவிட்டார்கள்."

"என்னா சார் சொல்றாரு?"

"வேலை நல்லாருக்குங்கறாரு."

"அப்பறம் மூஞ்சி ஏன் அப்பிடி இருக்கு?"

கீத் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, கல்லைத் தடவித் தடவி, ஓரிடத்தில் நுனியை வைத்து மெல்ல நெம்பினார். பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே சிப்பியின் வரிகள் தெரிந்தன. இன்னொன்று. அதுவும் உதிர்ந்தது. அவர் திரும்பி, "ரெசின் போடவில்லையா?" என்றார்.

இங்கேதான் செல்வராசு தலையைக் குனிந்தார். ரெசின் என்பது பசை மாதிரி ஒரு மருந்து. இந்த வேலைக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது கம்பெனி விதி. ஸ்டோரில் கேட்டால் அனுமதி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வேலை தாமதமானால் திட்டு விழும் என்று, கையில் கிடந்த கல் தூளையும் கொஞ்சமே கொஞ்சம் வெள்ளை சிமெண்டையும் வைத்து ஒப்பேற்றிவிட்டார். வெயிலில் அது பிடிப்பதற்கு முன்பே காய்ந்துபோனது. இதையெல்லாம் அவர் என்னிடம் தமிழில் சொல்ல, கீத்திடம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கீத் சிரித்தார். "ரெசின் போட்டிருந்தால் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது."

விதிப்படி வேலை செய்திருந்தால் சுவர் போயிருக்கும். விதியை மீறியதால் பிழைத்தது. இதை எந்தத் தலைப்பின் கீழ் அறிக்கையில் சேர்ப்பது என்று சமீரைக் கேட்டேன். சேர்க்க வேண்டாம் என்றார்.

கீத் ஊர் திரும்புவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில், கடல் பார்க்க வேண்டும் என்றார். அபுதாபி பக்கம் ஆள் அதிகம் வராத ஒரு கரைக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் தண்ணீரில் இறங்கி ஒரு கை மணலை அள்ளி, சட்டைப்பையில் இருந்த லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு லென்ஸை என் மகளிடம் கொடுத்தார்.

"ஊய்ட்ஸ்! அந்த மீன் முட்டை பால்ஸ்!" என்று கத்தினாள் அவள். "அப்பா, இட்ஸ் த ஸேம் திங். இப்ப ஃபார்ம் ஆயிட்டு இருக்கு, இங்கயே!"

அவருடைய ஊர் பதினாறு பதினேழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இப்படியொரு வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலாக இருந்ததாம். அந்தக் கடலில் உருண்டு சேர்ந்த மணிகள்தான் அந்தக் கல். அதே மணிகள் இன்றும் இந்தக் கடலில் உருண்டுகொண்டிருக்கின்றன. மழைபெய்து ஊற்றெடுக்கும் ஒரு கிராமத்தைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, கொண்டுவந்து பதித்திருக்கும் மாளிகைக்குப் பக்கத்துக் கடலிலேயே அது தயாராகிக்கொண்டிருக்கிறது. காத்திருக்கத்தான் நேரமில்லை.

"ஒரு பிடி எடுத்துப் போகலாமா?" என்று கேட்டார் கீத். பிறகு அவரே, "சுங்கத்தில் கேட்பார்கள் இல்லையா" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

6

சிப்பிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது என்று முடிவானது. உளி கூடாது. துபாய் தேராவில் மருத்துவக் கருவி விற்கும் கடையில் பல் டாக்டர்கள் குடையும் கொக்கிகளையும் சின்னத் தூரிகைகளையும் வாங்கினோம். பத்துப் பேர் சாரத்தில் வரிசையாக உட்கார்ந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு சுவரைக் குடைந்தார்கள்.

"ஐயா, வாய நல்லாத் தொறங்க" என்பான் ஒருவன் சுவரைப் பார்த்து.

"எச்சியத் துப்புங்க" என்பான் இன்னொருவன்.

"டேய், டோக்கன் போட்டு அனுப்புங்கடா. டாக்டர் டீ குடிக்கப் போறாரு" என்பார் செல்வராசு.

அடைத்ததைவிட எடுப்பதற்கு அதிக காலம் பிடித்தது. இதற்கிடையில் மற்ற மூன்று பக்கங்களும் முடிந்துவிட்டன. அங்கே ஒரு தவறும் நடக்கவில்லை. வேலை முடிந்தது, சுத்தமாக முடிந்தது, கையில் அடுத்த வேலை இல்லை. அந்த இரண்டு குழுக்களின் விசாவையும் கேன்சல் செய்து, டிக்கெட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போகும் அன்று கேம்ப்பில் செல்வராசுவிடம் சொல்லிக்கொண்டு போக வந்த இன்னொரு ஃபோர்மேன், "குடுத்து வெச்சவன்யா நீ, தப்புப் பண்ணிருக்க" என்றாராம்.

செல்வராசுவின் விசா முடியும் நாள் வந்தபோது சுவரில் பாதிதான் திறந்திருந்தது. விசா இல்லாதவனை சாரத்தில் ஏற்றக் கூடாது. அடைத்த கைதான் எடுக்க வேண்டும் என்று கீத் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், எங்கெங்கே அடைத்தார்கள் என்பது வேறு யாருக்கும் தெரியாது. சமீர் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம். கவனக்குறைவு என்று பெயர் எழுதப்பட்ட ஒரே ஃபோர்மேன் மட்டும் இப்போது கம்பெனியில் மிச்சம்.

சுவர் முடிந்தது. சிப்பிகளின் வரிகளுக்குள் எடுக்க முடியாத வெண்மை மெல்லிய கோடாகத் தங்கிவிட்டது. முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது. அர்பாபின் உறவினர் ஒருவர் வந்து பார்த்து, இது என்ன முறை என்று கேட்டார். இங்கிலாந்தின் பழைய கிராமத்துக் கைவேலை என்றார் சமீர், கண் இமைக்காமல். தன் வீட்டுக்கும் அதே மாதிரி, முதலில் அடைத்துப் பிறகு திறந்து, செய்ய வேண்டும் என்று உறவினர் சொல்லிவிட்டார். புத்தகத்தில் அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன். தலைமுறை தலைமுறையாக என்ற சொல்லைப் போடச் சொன்னார்கள். போட்டேன். எந்தத் தலைமுறை, எந்த ஊர் என்று சொல்லவில்லை.

7

உறவினர் வீட்டுக்கான புதுக் கல் போன வாரம் வந்து இறங்கியது. கூடவே கீத்தின் மின்னஞ்சல். பழைய அடுக்கு தீர்ந்துவிட்டதால் அதற்குக் கீழே உள்ள அடுக்கிலிருந்து அனுப்பியிருக்கிறாராம். நிறம் அதேதான், உறுதியும் அதேதான். இது இன்னும் சுத்தமான கல், குறை மிகக் குறைவு, நீங்கள் மகிழ்ச்சி அடைவீர்கள் என்று எழுதியிருந்தார்.

கல் இறக்கி வைக்கும் யார்டுக்குப் போனேன். மரப்பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சமீர் ஓரமாக நின்று யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். சிப்பி இல்லாத கல் என்றால் பத்துப் பேர் வேண்டாம், நாலு பேர் போதும், ஃபோர்மேனும் வேண்டியதில்லை, விசா இருந்தால் என்ன, கேன்சல் செய்ய ஒரு நாள் வேலை. அவர் அப்படித்தான் பேசினார் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அரபி அவ்வளவு தெரியாது. செல்வராசுவுக்கு என்னைவிடக் கொஞ்சம் தெரியும்.

அவர் பெட்டி பெட்டியாகக் கல்லைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்து, வெயிலுக்குச் சாய்த்து, விரலால் தடவி. வழவழவென்று இருந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கல். ஒரு ஓட்டை இல்லை.

"சிப்பி இல்லீங்களா?" என்றேன்.

"இருக்கும் சார்" என்றார், நிமிராமல். "ஒண்ணாவது இல்லாமப் போவுமா?"

ஐந்தாவது பெட்டியில், ஒரு கல்லின் மூலையில், நகத்தின் அளவுக்கு ஒன்று இருந்தது. அவர் பாக்கெட்டில் இருந்து பென்சிலை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு, தூளோடும் கரண்டியோடும் பக்கத்தில் வந்த ஆளைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், இதத் தொட்ட கைய ஒடிச்சிருவேன். மொதல்ல போயி மேனேஜரக் கூட்டிட்டு வந்து காட்டு."